முடியாது என்று சொல்லும் உரிமை

அன்புள்ள ஐயா,

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மேலாளர் சின்ன விஷயத்துக்கும் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். இனி தாங்க முடியாது என்று தோன்றிவிட்டது. சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். தெரிந்த பெரிய வியாபாரி ஒருவர் தன் முழு வேலையையும் எனக்கே தருகிறேன் என்கிறார், அதனால் வருமானத்துக்குக் கவலை இல்லை. நண்பன் கூட்டாகச் சேர்கிறேன் என்கிறான். மனைவிதான் பயப்படுகிறார். அவமானத்திலிருந்து தப்பிக்கத் தொழில் தொடங்குவது சரியான காரணமா? ஆர்வம் இருந்தால்தான் ஜெயிக்க முடியும் என்கிறார்களே?

க.

அன்புள்ள க.,

அது சரியான காரணம்தான். அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஒரு மனிதனைப் பார்த்துப் பத்துப் பேர் முன்னால் கத்துவது சின்ன விஷயமல்ல. நீங்கள் இவ்வளவு நாள் அதைத் தாங்கிக்கொண்டு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆர்வம் பற்றிய பேச்சை விட்டுத்தள்ளுங்கள். கணக்கு உங்களுக்குக் கைவந்த வேலை, தொடங்குவதற்கு அது போதும். நண்பர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட இருவருக்கும் மனம் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

என்னைக் கலங்க வைத்தது வேறொரு வரி. பெரிய வியாபாரி ஒருவர் முழு வேலையையும் தருகிறார், அதனால் கவலை இல்லை என்கிறீர்கள். எனக்குக் கவலையே அங்கேதான்.

என் அப்பா ஒரு பெரிய அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். மேற்பார்வையாளர் வாய்க்கு வந்தபடி பேசுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் வேலையை விட்டு, கடன் வாங்கி, காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு மெஷின் ஒன்றைப் போட்டுத் தனியாக அச்சகம் தொடங்கினார். ஒரு நிறுவனம் தன் ரசீதுப் புத்தகம், பில் புத்தகம் எல்லாவற்றையும் அவருக்கே கொடுத்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். வருடம் ஆக ஆக அந்த நிறுவனம் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தது. பில் கொடுத்தால் பணம் எப்போது வரும் என்று தெரியாது. அப்பா அவர்களுடைய கணக்குப் பிரிவின் வாசலில் போய் நிற்பார். சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். உள்ளிருந்து யாராவது வந்தால் அவர் குரல் சட்டென்று தணியும். பழைய மேற்பார்வையாளரிடம் பேசிய அதே குரல் என்று அம்மா சொல்லுவார். முதலாளி ஆகிவிட்டதாக அப்பா நம்பிக்கொண்டிருந்தார். மேலாளர்தான் மாறியிருந்தார். விடுமுறையும் மாதச் சம்பளமும்கூடப் போயிருந்தன.

அதை மாற்றியவர் அம்மா. லாபம் குறைவானாலும் பரவாயில்லை என்று விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் என்று சில்லறை வேலைகளைப் பல பேரிடமிருந்து வாங்க வைத்தார். மாதாமாதம் ஒரு தொகையைக் கண்ணில் காட்டாமல் எடுத்து வைத்தார். பிறகு ஒரு சமயம், அந்த நிறுவனத்தினரே சரிபார்த்துக் கையெழுத்திட்ட மாதிரிப் பிரதியில் (புரூஃபில்) இருந்த பிழைக்கு, முழு வேலையையும் இலவசமாகத் திரும்ப அடித்துத் தரச் சொன்னார்கள். அப்பா முடியாது என்றார். வேலை போயிற்று. சில மாதங்கள் கஷ்டம்தான், ஆனால் மெஷின் ஓடியது. என் கணக்கில் அவர் சொந்தத் தொழில் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஆகவே, உங்களுக்கு மேலே ஆள் இல்லாமல் போவதைச் சுதந்திரம் என்று எண்ணாதீர்கள். மேலே யாராவது இருந்துகொண்டேதான் இருப்பார்கள்: வாடிக்கையாளர், கடன் கொடுத்தவர், வரி அலுவலகம். அவர்களில் ஒருவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதச் செலவைச் சமாளிக்க உங்களால் முடியுமா? சொல்லுங்கள். முடியும் என்றால்தான் நீங்கள் தேடிப் போகும் பொருள் உங்கள் கைக்கு வரும்.

அந்தப் பொருளுக்கு விலையும் உண்டு. பொருளாதார அறிஞர் பார்ட்டன் ஹாமில்டன் 2000இல் அமெரிக்கத் தரவுகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். பத்து ஆண்டு சொந்தத் தொழிலில் இருந்தவர்களின் இடைநிலை வருமானம், அதாவது எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம், அதே காலம் வேலையில் இருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு என்றது அது. ஆனாலும் அவர்கள் தொழிலை விடவில்லை. மத்தியாஸ் பென்ஸ், புருனோ ஃப்ரே இருவரும் 2008இல் ஜெர்மனி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து நாட்டவர்களை ஆராய்ந்தபோது, சொந்தத் தொழில் செய்பவர்களுக்குத் திருப்தி அதிகம், யாருக்கும் கீழே இல்லை என்பதுதான் அதற்குப் பெரிய காரணம் என்று தெரிந்தது. உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர், க. பணத்தைக் கொடுத்து மரியாதையை வாங்குகிறார்கள். அதில் தவறே இல்லை. பணத்தையும் கொடுத்துவிட்டு, மரியாதையும் கிடைக்காமல் அந்த வியாபாரியின் வாசலில் நீங்கள் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இப்போது உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளப் போகிறேன். நீங்கள் கணக்குப் பார்ப்பவர். உங்கள் கடிதத்தில் சேமிப்பு எவ்வளவு, வீட்டுச் செலவு எவ்வளவு, வேலையே வராவிட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்று ஒரு எண்கூட இல்லை. மேலாளர் கத்தியது மட்டும் முதலிலேயே இருக்கிறது. ஊரார் கணக்கை எழுதப் போகிறவர் தன் வீட்டுக் கணக்கை எழுதாமல் இருக்கலாமா? மனைவி பயப்படுகிறார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் பயப்படுவது சரி, அவரிடம் நீங்கள் காட்டியது கோபத்தை மட்டும்தானே. கணக்கைக் காட்டுங்கள்.

வேலையை நாளைக்கே விடாதீர்கள். ஜோசப் ராஃபி, ஜியே ஃபெங் இருவரின் 2014ஆம் ஆண்டு ஆய்வில், வேலையில் இருந்தபடியே தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. உங்கள் வேலை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்தால் மாலையில், விடுமுறை நாளில் இரண்டு மூன்று சின்ன வியாபாரிகளின் கணக்கை எடுங்கள். பெரியவரிடம் பாதி வேலையை மட்டும் இப்போது தரச் சொல்லுங்கள், எத்தனை நாளில் பணம் தருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால், பின்னால் எப்படி நடந்துகொள்வார் என்று இப்போதே தெரிந்துவிடும்.

பெரியவர் தவிர வேறு மூன்று பேர் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். அதற்கு முன் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம், எனக்கும் எழுத வேண்டாம்.