பலாப்பிஞ்சில் ஓட்டையா? மருந்தை விடுங்கள், உறையைக் கட்டுங்கள்

இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் நிற்கும் பலாவில் பிஞ்சுகள் கறுத்து விழுகின்றன, சிலவற்றில் ஓட்டையும் இருக்கிறது. தேயிலைக்கு அடிக்கிற மருந்தை அடிக்கலாமா, இல்லை மரத்தையே வெட்டிவிடலாமா?

இரண்டும் வேண்டாம். முதலில் கீழே விழுந்ததைப் பிளந்து பாருங்கள். இளங்கிளைகளில் மெல்லிய காம்போடு வரும் சிறிய கதிர்கள் ஆண் பூக்கள். மகரந்தம் கொட்டி முடிந்ததும் அவை கறுத்து, பூஞ்சணம் பிடித்து விழத்தான் செய்யும். அதற்கு வைத்தியமே தேவையில்லை. அடிமரத்திலும் பெருங்கிளையிலும் தடித்த காம்போடு நிற்பதுதான் காயாகும் பிஞ்சு. அதில் ஓட்டை விழுந்து, ஓட்டை வாயில் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் ஒட்டி, உள்ளே செம்பழுப்பு உடலில் கரும்புள்ளிகளோடு புழு இருந்தால், அது காய்துளைப்பான். ஓர் அந்துப்பூச்சியின் புழு. இளந்தளிரையும் மொட்டையும்கூடக் குடையும்.

குடைந்து உள்ளே போன புழுவுக்கு வெளியில் அடிக்கும் மருந்து எட்டாது. நாம்தான் அந்தப் பிஞ்சைப் பொலஸ் கறியாக்கிச் சாப்பிடப்போகிறோம். லயத்துக் கூரையும் தண்ணீர்ப் பீலியும் பக்கத்திலேயே இருக்கின்றன. தேயிலை மருந்தைப் பலாவில் அடிக்கவே கூடாது.

ஓட்டை விழுந்த பிஞ்சையும் வாடிய தளிரையும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டி, சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள். கானில் (வடிகாலில்) வீசினால் புழு அங்கேயே வளர்ந்து பூச்சியாகித் திரும்பிவரும். இரண்டு காய்கள் உரசிக்கொண்டு நின்றால் அந்த இடுக்கில்தான் புழு ஒளியும். ஒன்றை இப்போதே பொலஸுக்குப் பறித்துவிடுங்கள். அப்புறம், நல்ல பிஞ்சு சிறிதாக இருக்கும்போதே பழைய சேலைத் துணியால் தொளதொளவென்று பை தைத்துப் போட்டு, காம்பில் கட்டிவிடுங்கள். பொலித்தீன் வேண்டாம். மலையகத்து மழைக்கு உள்ளே ஈரம் தங்கிப் பிஞ்சு அழுகிப்போகும். கட்டுமுன் ஓட்டை இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள், புழுவோடு சேர்த்துக் கட்டினால் பயனில்லை.

மரத்தை வெட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். பலா, இலங்கையின் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வரும் மரம்; அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. துணி கட்டியும் ஓட்டை தொடர்ந்தால், புழுவிருக்கும் பிஞ்சொன்றைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.