ஊஞ்சல் கொக்கியும் ஒரு நிமிடச் சோதனையும்

ஐயா,

பழைய வீடுகளின் கூடத்து ஊஞ்சல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். திருச்சியில் நாங்கள் கட்டியிருக்கும் புது வீட்டில் அம்மாவுக்காக ஓர் ஊஞ்சல் மாட்ட ஆசை. ரூஃப் கான்கிரீட் போட்ட அன்று கொக்கி விட மறந்துவிட்டோம். மேஸ்திரி இப்போது மொட்டைமாடி ஸ்லாபின் அடியில் துளை போட்டு, ஒட்டும் கெமிக்கல் செலுத்தி, 12 மி.மீ. ஸ்டட்டுகளை, அதாவது மரையுள்ள இரும்புத் தண்டுகளை, பதித்திருக்கிறார். பக்கத்துக்கு ஒரு தகடு, தகட்டுக்கு இரண்டு ஸ்டட், இடைவெளி 100 மி.மீ., ஆழம் 80 மி.மீ. ஸ்லாபின் கனம் ஐந்து அங்குலம். மறுநாள் இரண்டு ஆட்கள் தொங்கிப் பார்த்தார்கள், இம்மிகூட அசையவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எந்தக் கம்பெனி கெமிக்கல் நம்பகமானது? எம்20 கான்கிரீட் போதுமா, எம்25 போட்டிருக்க வேண்டுமா?

அன்புடன்,
சி.

அன்புள்ள சி.,

அம்மாவுக்கு ஊஞ்சல் வேண்டும் என்று தோன்றிய மகனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனாலும் கடிந்துகொள்ளத்தான் போகிறேன். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டும் வரை எத்தனையோ முறை அந்த மாடிக்கு ஏறியிருப்பீர்கள். கீழ்க்கம்பிகளுக்கு மேலாக வளைத்துக் கட்டிய இரண்டு கொக்கிகளை அன்று விட்டிருந்தால் இந்தக் கடிதமே எழுத வேண்டியிருந்திருக்காது.

கம்பெனிப் பெயர் எதையும் சொல்ல மாட்டேன். எம்20, எம்25 என்ற கான்கிரீட் பலத் தரங்களைப் பற்றிய கேள்வியையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். கான்கிரீட்டின் பலம் இந்தக் கணக்கில் வர்க்கமூலமாகத்தான் நுழைகிறது என்பதால், எம்25 போட்டிருந்தாலும் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பது 12 சதவீதம். ஆழமோ ஒன்றரை என்ற அடுக்குக்குறியோடு நுழைகிறது. 60 மி.மீ. துளையை 80 ஆக்கினாலே தாங்குதிறன் பாதிக்கு மேல் கூடிவிடும். எல்லோரும் சிமென்ட்டைப் பற்றியே கேட்கிறார்கள். துளைக்குள் ஓர் அளவுகோலை விட்டுப் பார்த்தவரை நான் அதிகம் கண்டதில்லை.

பதித்த போல்ட்டை இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், போல்ட் உருவிக்கொண்டு வரும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அப்படியும் நடக்கும், ஆனால் அது ஒன்று மட்டுமல்ல. ஆழம் போதுமான அளவு இருந்தால் இரும்பே நீண்டு, மெலிந்து, அறும். விரும்பத்தக்க முறிவு அதுதான். முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும். ஆழம் குறைந்தால் போல்ட்டோடு கான்கிரீட்டும் ஒரு கூம்பாகப் பெயர்ந்து வரும். போல்ட்டின் நுனி கூம்பின் முனையாகவும், பரப்பில் அதன் அகலம் ஆழத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகவும் இருக்கும். 80 மி.மீ. ஆழத்துக்கு 240 மி.மீ. அகலமான கூம்பு. முன்பு இதை 45 பாகைக் கூம்பாக வரைந்து கணக்கிட்டார்கள். ஃபுக்ஸ், எலிகேஹாவ்சன், பிரீன் ஆகிய மூவர் 1995-இல் வெளியிட்ட முறை அதை 35 பாகையாகத் தட்டையாக்கியது. அமெரிக்கக் கான்கிரீட் கட்டுமான விதிநூல் 2002-இல் அதை ஏற்றுக்கொண்டது. உங்கள் தகட்டில் இரண்டு ஸ்டட்டுகளும் 100 மி.மீ. தள்ளித்தான் இருக்கின்றன என்பதால் அவற்றின் கூம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இரண்டு ஸ்டட் போட்டால் இருமடங்கு என்று மேஸ்திரி நினைத்திருப்பார். கூம்புக் கணக்கில் ஒன்றரை மடங்குகூட வராது.

இவ்வளவு கழித்த பிறகும், ஒருமுறை இழுத்துப் பார்க்கும் கணக்கில் உங்கள் ஊஞ்சல் தாராளமாகத் தேறிவிடும். விரிசல் விட்ட கான்கிரீட்டில், பாதுகாப்புக் காரணிகளைக் கழிக்காமல் பார்த்தால், ஒற்றை ஸ்டட்டின் கூம்பே இரண்டு டன்னை ஒட்டி நிற்கும். மூன்று பேர் உட்கார்ந்து வீசி ஆடினாலும் அந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போகமாட்டார்கள். என் கவலை கூம்பில் இல்லை. ‘இரண்டு ஆட்கள் தொங்கிப் பார்த்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் இருக்கிறது. அந்த வரியைப் படித்த பிறகு ஊஞ்சலை விட்டு என் மனம் வேறெங்கோ போய்விட்டது.

பாஸ்டன் நகரத்துச் சுரங்கச் சாலை ஒன்றில், 2006 ஜூலை 10 இரவு, மேற்கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த கான்கிரீட் பலகைகள் சுமார் 26 டன் எடையோடு ஒரு காரின்மேல் விழுந்தன. காரில் இருந்த பெண்மணி இறந்துபோனார். ஓட்டிவந்த கணவர் சிறு காயங்களோடு தப்பினார். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள், உங்கள் வீட்டில் செய்ததைப்போலவே, சுரங்கத்தின் உச்சிக் கான்கிரீட்டில் துளையிட்டு எபாக்ஸி என்ற பிசினைக் கொண்டு பதிக்கப்பட்டவை. பதித்தபோது அவற்றை ஜாக் வைத்து, அன்றாடம் தாங்க வேண்டிய சுமையைவிடக் கூடுதலாகவே இழுத்துச் சோதித்திருந்தார்கள். நின்றவற்றைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை சொன்ன காரணம் ‘க்ரீப்’: மாறாத சுமையின்கீழ் மெல்ல மெல்ல நீண்டுகொடுத்தல். விரைவில் இறுகுவதற்கென்று செய்யப்பட்ட ‘ஃபாஸ்ட் செட்’ வகை எபாக்ஸி அங்கே பயன்பட்டிருந்தது. குறுகிய காலச் சுமையை அது நன்றாகவே தாங்கும். ஓயாத சுமையைத் தாங்காது. ஜவ்வு மிட்டாயை வெடுக்கென்று இழுத்தால் விறைப்பாக நின்று முறியும், தொங்கவிட்டால் தன்பாட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும், இல்லையா? ஒரு நிமிடம் இழுத்துப் பார்க்கும் சோதனை முதல் குணத்தை மட்டுமே காட்டும்.

என்னை உறுத்துவது விபத்தைவிட அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. 1999-இல், பலகைகளை மாட்டிச் சில வாரங்களிலேயே, அருகிலிருந்த இன்னொரு சுரங்கப் பகுதியில் சில போல்ட்டுகள் கீழே இறங்கி, தகட்டுக்கும் கூரைக்கும் இடையே இடைவெளி விட்டிருந்ததைக் கண்டார்கள். இழுவைச் சோதனையில் தேறிய போல்ட்டுகள் அவை. தேறியது ஏன் இறங்கியது என்ற கேள்விக்கு விடை தேடாமல், அவற்றைக் கழற்றிப் புதிதாகப் பதித்து, மறுபடியும் அதே சோதனையைச் செய்து, மறுபடியும் தேற்றினார்கள். ஒரு சோதனை எதைக் காட்டாது என்று தெரிந்த பிறகும் அதையே திரும்பச் செய்வதை அலட்சியம் என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை. படித்தவர்களின் மூடநம்பிக்கை என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

கட்டுமானத்தில் நான் வேலை பார்த்த நாட்களில் ஒரு தொழிற்சாலைக் கூரையிலிருந்து குழாய்களைத் தொங்கவிடும் பணி நடந்தது. ஒப்பந்ததாரரின் ஆட்கள் நடுவில் துளையுள்ள ஜாக்கைக் கொண்டுவந்து, அதன் வளையத்தைப் போல்ட்டை ஒட்டியே கான்கிரீட்டில் முட்டுக்கொடுத்து இழுத்தார்கள். பிரஷர் கேஜின் முள் ஏறியது, நின்றது, படம் எடுத்துக்கொண்டார்கள். எங்களோடு இருந்த வயதான ஃபோர்மேன் அந்த வளையத்தைச் சுட்டிக்காட்டி, “கூம்பு எந்த இடத்துல பேரணுமோ அந்த இடத்தையே அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பேரலைன்னு எழுதிக்கிறீங்களே” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு துளைக்கும் ஏணியில் ஏறி, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவி, வெளியே எடுத்து, நகக்கண்ணில் வெள்ளையாகத் தூசி ஒட்டியிருந்தால் ஒன்றும் பேசாமல் அந்த விரலைப் பையன்களிடம் நீட்டுவார். அவர்கள் மறுபடியும் ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடியும் ஊதுவார்கள். தூசி இருக்கும் துளையில் கெமிக்கல் தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட்டை அல்ல. வேலை முடிந்து குழாய்களில் தண்ணீர் ஏறிய பிறகும் ஒவ்வொரு நட்டின்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்துச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவைத்து, சிறு சுத்தியலோடு அவ்வப்போது வந்து தட்டிக் கேட்டுவிட்டுப் போவார்.

ஜப்பானில் சசாகோ சுரங்கத்தின் கூரைப் பலகைகள் 2012 டிசம்பர் 2 அன்று சுமார் 140 மீட்டர் நீளத்துக்கு விழுந்து ஒன்பது பேர் இறந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் அவர்தான். 1977-இல் திறந்த சுரங்கம். பிசினால் பதித்த போல்ட்டுகள். விபத்து நடந்த ஆண்டின் செப்டம்பரில் ஆய்வு செய்தவர்கள் உச்சியில் இருந்த போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்ததோடு சரி.

பாஸ்டன் விபத்துக்குப் பிறகாவது விதிகள் மாறின. நிலையான இழுவையைத் தாங்கும் ஒட்டுப் போல்ட்டுகளுக்கு அவற்றின் பிடிப்புத் திறனில் 55 சதவீதத்தையே அமெரிக்க விதிநூல் 2011-இல் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னது. தலைக்கு மேலே அவற்றைப் பதிப்பவர் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் மேஸ்திரியிடம் சான்றிதழ் கேட்கச் சொல்லவில்லை. துளையை எதனால் ஊதினார் என்று மட்டும் கேளுங்கள். வாயால் ஊதினேன் என்றாலோ, ஊதவே இல்லை என்றாலோ மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஊஞ்சலில் எப்போதும் தொங்கும் சுமை பலகையும் சங்கிலியும்தானே, பாஸ்டனோடு இதை ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் உங்கள் துளைகள் ஸ்லாபின் அடியில், கூடத்தின் நடுவில் இருக்கின்றன. ஸ்லாப் தொய்யும்போது இழுபட்டு மயிரிழை விரிசல் விடும் இடம் அதுதான். விரிசல் ஒரு துளையின் ஊடாகப் போனால் பிடிப்பு தளரும். மேலே திருச்சியின் மே மாத வெயில். சூடேறினால் பிசின் இளகும். போதாக்குறைக்கு, ஊஞ்சல் முன்னும் பின்னுமாக அந்தத் தகட்டை அசைத்துக்கொண்டே இருக்கும். தொங்கிப் பார்த்த இரண்டு பேரும் இவற்றில் ஒன்றைக்கூடச் சோதிக்கவில்லை.

ஆகவே அந்த ஸ்டட்டுகளை மறந்துவிடுங்கள். ஸ்லாபை முழுதாகத் துளைத்து, மொட்டைமாடிப் பக்கம் கனமான இரும்புத் தகடு வைத்து, அதிலிருந்து போல்ட்டைக் கீழே இறக்கி ஊஞ்சலை மாட்டுங்கள். இழுவை அப்போது பிசினை நம்பி இருக்காது. தகடு ஸ்லாபின் முதுகில் உட்கார்ந்து அமுக்கும். துளையிடும் இடத்தில் கம்பியும் கரன்ட் பைப்பும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பீமுக்குப் பக்கமாகத் தள்ளிப் போடுங்கள், ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் வரவழைத்துக் காட்டுங்கள். மேலே தட்டு ஓடுகள் பதித்திருந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்து, தகட்டைச் சுற்றி நீர்க்கசிவுத் தடுப்புப் பூச வேண்டியிருக்கும். மேஸ்திரி முணுமுணுப்பார். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடச் சொல்லுங்கள். அதுவரை பலகையைச் சுவரோரம் சாய்த்துவையுங்கள், அம்மா கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.