கருமுட்டை பிந்தி வெளியானால் பிரசவத் தேதி எது? கேள்வி பதில்

காரைக்குடியில் மகப்பேறு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாதவிலக்கு நாள் தள்ளித் தள்ளி வரும் பெண்களுக்குப் பிரசவத் தேதியைக் குறிப்பது எப்படி என்று சுற்றுவட்டாரத்துச் சகோதரிகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தேவகோட்டை): எனக்கு எப்போதும் 42 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வரும். கடைசியாக 2025 ஜனவரி 2 அன்று வந்தது. அட்டையில் அக்டோபர் 9 என்று எழுதித் தந்தார்கள். இது சரியா?

பதில்: அட்டையில் எழுதியவர் கூட்டலில் பிழை செய்யவில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போய், ஓர் ஆண்டைச் சேர்ப்பது ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பணியாற்றிய ஃப்ரான்ஸ் நேகலே (1778–1851) என்ற மகப்பேறு மருத்துவரின் பெயரால் வழங்கும் விதி. ஏறத்தாழ 280 நாள் கணக்கு அது. கரு உண்டான நாள் பெரும்பாலோருக்குத் தெரியாது, மாதவிலக்கு வந்த நாள் நினைவிருக்கும் என்பதால், தெரிந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். பணம் கைக்கு வந்த நாள் மறந்துபோனால் பத்திரம் எழுதிய நாளிலிருந்து வட்டிக் கணக்குப் போடுவதைப் போன்றது இது. நம் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அந்த விதிக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: மாதவிலக்குச் சுழற்சி 28 நாள், கருமுட்டை வெளியாவது சுமார் 14ஆம் நாள். முட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிலக்கு வரை உள்ள காலம் பெரும்பாலான பெண்களுக்கு 12 முதல் 14 நாள் வரை என்று ஓரளவு நிலையாக இருக்கும். நீள்வதும் குறைவதும் முட்டை முதிர்வதற்கான முன்பாதிதான். ஆகவே 42 நாள் சுழற்சி உள்ள உங்களுக்கு முட்டை ஏறக்குறைய 28ஆம் நாளில் வெளியாகியிருக்க வேண்டும். வழக்கத்தைவிட 14 நாள் பிந்தியதால் பிரசவத் தேதியும் 14 நாள் தள்ளி அக்டோபர் 23 ஆகிறது. இதையே வேறு வழியாகவும் சரிபார்க்கலாம்: முட்டை வெளியான நாளோடு 266 நாளைக் கூட்டுங்கள். ஜனவரி 30 என்று வைத்துக்கொண்டால் அதே அக்டோபர் 23 வரும்.

ஆனாலும் இந்தக் கூட்டலை வைத்து நீங்களே அட்டையைத் திருத்திவிடக் கூடாது. எப்போதும் 42 நாள் என்பவருக்கும் அந்த ஒரு மாதம் மட்டும் மாறியிருக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்திருப்பார்கள். நாளைக் குறிக்க அதைவிட நம்பகமான அளவு இல்லை. ஒன்பது வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் மாதவிலக்குக் கணக்கிலிருந்து ஐந்து நாளுக்கு மேல் விலகினாலோ, ஒன்பது வாரத்திலிருந்து பதினான்கு வாரத்துக்குள் எடுத்தது ஏழு நாளுக்கு மேல் விலகினாலோ, மருத்துவர் ஸ்கேன் தேதிக்கே மாற்றிவிடுவது வழக்கம். ஸ்கேன் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேள்வி (புதுவயல்): என் கணவர் சிங்கப்பூரிலிருந்து மே 23 அன்றுதான் ஊருக்கு வந்தார். என் கடைசி மாதவிலக்கு மே 5. ஜூலை 7 அன்று அட்டையில் ஒன்பது வாரம் என்று எழுதியதைப் பார்த்து மாமியார் விரல்விட்டு எண்ணுகிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆண்கள் கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கும் இந்த மண்ணில் இதை நான் முதன்முறையாகக் கேட்கவில்லை.

அட்டையில் உள்ள ஒன்பது வாரத்தில் முதல் இரண்டு வாரம் நீங்கள் கர்ப்பமாகவே இல்லை. மாதவிலக்கான நாளிலிருந்து எண்ணும் வழக்கத்தால் அந்த நாள்களும் கணக்கில் ஏறிவிடுகின்றன. அதைக் கழித்தாலும் கரு தரித்தது மே 19 என்று வருகிறது, அதாவது அவர் வருவதற்கு நான்கு நாள் முன்பு. மாமியாரின் விரல் நிற்கும் இடம் அதுதான். ஆனால் உங்களுக்கு 14ஆம் நாளில் முட்டை வெளியானது என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. அன்றைக்கே எடுத்த ஸ்கேனில் கருவின் நீளம் 9 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பருவத்தில் மில்லிமீட்டர் அளவோடு 42ஐக் கூட்டினால் கர்ப்பத்தின் வயது ஏறக்குறைய நாள்களில் கிடைக்கும்: 51 நாள், அதாவது ஏழு வாரம் இரண்டு நாள். அதில் இரண்டு வாரத்தைக் கழித்தால் 37 நாள். ஜூலை 7இலிருந்து 37 நாள் பின்னால் எண்ணினால் மே 31. ஐந்து நாள் முன்பின் வைத்தாலும் மே 26க்கு முன்னால் போகாது. மருத்துவர் தேதியை 2026 பிப்ரவரி 21 என்று மாற்றி எழுதியதன் காரணமும் இதுவே.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருமகள் சொல்வதைவிட மருத்துவர் அந்தத் தாளில் கோடு போட்டுக் காட்டினால் எளிதில் ஏறும்.

கேள்வி (பள்ளத்தூர்): எனக்கு பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) உண்டு. நாள் கணக்குப்படி ஏழு வாரம். ஸ்கேனில் கருப்பை மட்டும் தெரிகிறது, துடிப்பு இல்லை என்றார்கள். கலைத்துவிடலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள்.

பதில்: அவசரப்படவே கூடாது. முதலில் ஒரு சொல்லைத் திருத்துகிறேன்: ஸ்கேனில் தெரிவது கருவைச் சுற்றியுள்ள பை, கருப்பை என்பது உங்கள் உறுப்பு. முட்டை பத்து நாள் பிந்தி வெளியாகியிருந்தால் உங்கள் ஏழு வாரம் உண்மையில் ஐந்தரை வாரம்தான், அந்த வயதில் துடிப்பு தெரியாதது இயல்பு. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லாதபோது, அல்லது பை சராசரியாக 25 மில்லிமீட்டரை எட்டியும் உள்ளே கரு இல்லாதபோதுதான் கர்ப்பம் நிலைக்கவில்லை என்று அந்த ஒரு ஸ்கேனை வைத்து முடிவு செய்வார்கள். அதற்குக் குறைவாக இருந்தால் ஒன்று முதல் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடையில் கடும் வயிற்றுவலி, அதிக உதிரப்போக்கு, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி (கோட்டையூர்): முட்டை வெளியாவதைக் காட்டும் பட்டையை வைத்துப் பார்த்தேன். அந்தத் தேதியை மருத்துவர் ஏற்பாரா?

பதில்: ஏற்பார், ஆனால் ஸ்கேனோடு ஒப்பிட்ட பிறகு. பட்டையில் கோடு அழுத்தமாக விழுந்த ஒன்று ஒன்றரை நாளில் முட்டை வெளியாகும். பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்குப் பட்டை கண்டறியும் ஹார்மோன் எப்போதும் சற்று உயர்ந்திருப்பதால் பொய்க்கோடு விழுவதுண்டு. சோதனைக்குழாய் முறையில் ஐந்தாம் நாள் கருவைக் கருப்பையில் வைத்தவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. வைத்த நாளோடு 261ஐக் கூட்டினால் முடிந்தது.

கேள்வி (கானாடுகாத்தான், ஓர் ஆச்சி): மகளுக்கு இது இரண்டாவது சிசேரியன். 37 வாரம் முடிந்ததும் நல்ல நட்சத்திரம் வருகிறது, அன்றைக்கே வைத்துக்கொள்ளலாமா? அவளுக்கு முன்னிருந்தே 40 நாளுக்கு ஒருமுறைதான்.

பதில்: ஆச்சி, நட்சத்திரம் பார்ப்பதில் எனக்குச் சண்டை இல்லை. எந்தக் கணக்கின்படி 37 வாரம் என்பதுதான் என் கேள்வி. மாதவிலக்கு நாளை மட்டும் வைத்து எண்ணியிருந்தால், 40 நாள் சுழற்சி உள்ள உங்கள் மகளின் குழந்தைக்கு அன்றைக்கு 35 வாரம் சொச்சம்தான் ஆகியிருக்கும். மூச்சுவிடத் திணறி, பச்சிளம் குழந்தைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க நேரலாம். உடல்நலக் காரணம் ஏதுமின்றித் திட்டமிட்டுச் செய்யும் சிசேரியனை 39 வாரம் முடிவதற்கு முன் வைத்துக்கொள்ள வேண்டாம், அந்த 39 வாரத்தையும் முதல் ஸ்கேனிலிருந்து எண்ணுங்கள். அதற்குப் பிறகு வரும் நாள்களில் ஜோசியர் எதைக் குறித்தாலும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். இடையில் வலி கண்டாலோ நீர் உடைந்தாலோ பஞ்சாங்கத்தை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கேள்வி (திருப்பத்தூர்): 34ஆம் வார ஸ்கேனில் குழந்தை 32 வார அளவில் இருக்கிறது. முட்டை பிந்தி வெளியானதால்தானே? தேதியைத் தள்ளி எழுதச் சொல்லலாமா?

பதில்: முதல் ஸ்கேன் எடுத்தபோதே அந்தப் பிந்தல் தெரிந்திருக்கும். அப்போது தேதி சரியாக அமைந்திருந்தால், இப்போது குழந்தை சிறிதாக இருப்பதற்கு முட்டையைக் காரணம் சொல்ல முடியாது. கடைசி மாதங்களில் ஒரே வயதுக் குழந்தைகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். அந்த அளவை வைத்து நாளைக் குறித்தால் மூன்று வாரம் வரை பிசகும். தேதியைத் தள்ளி எழுதினால் தாளில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் நச்சுக்கொடி வழியே ஊட்டம் குறைந்து வளர்ச்சி தடைப்பட்ட குழந்தையாக இருந்தால் அது யார் கண்ணுக்கும் படாமல் போய்விடும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

கேள்வி (கண்டனூர்): ஐந்தாம் மாதம் வரை ஸ்கேன் எடுக்கவில்லை. இப்போது 41 வாரம் கடந்துவிட்டது, வலி வரவைக்கலாம் என்கிறார்கள். எனக்கு நாள் எப்போதும் பிந்தும் என்பதால் காத்திருக்கலாமா?

பதில்: உங்கள் ஊகம் சரியாகவும் இருக்கலாம், ஆனால் அதைத் தனியாக நம்பி வீட்டில் இருக்காதீர்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் மாதவிலக்குக் கணக்கிலிருந்து பத்து நாளுக்கு மேல் விலகியிருந்தால் அந்த ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தாளை இன்றே காட்டுங்கள். காத்திருப்பது என்று மருத்துவர் முடிவு செய்தால், பனிக்குட நீரின் அளவையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் தவறாமல் பார்த்துவர வேண்டும். அசைவு குறைந்ததாகத் தோன்றினால் இரவானாலும் அப்போதே போய்விடுங்கள்.

கேள்வி (அதே ஊர்): ஆயா (பாட்டி) பத்து மாதம் என்கிறார், மருத்துவர் ஒன்பது மாதம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும். 280 நாளை 28 நாள் மாதமாக எண்ணினால் பத்து. ஆங்கில மாதமாக எண்ணினால் ஒன்பதும் ஒரு வாரமும்.