கிரீட் தீவு: கடைசி 300 கிலோமீட்டரைக் கவனியுங்கள்

கேள்வி: வரும் மே மாதக் கடைசியில் ஒன்பது இரவுகள் கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போக ஆசை. நான், கணவர், 9 வயது மகள், 66 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. சுத்த சைவம், முட்டையும் சேர்க்கமாட்டார். கோவையிலிருந்து அந்தத் தீவின் ஹெராக்லியோன் நகருக்கு டிக்கெட் தேடினால் ஆளுக்கு ஒன்றேகால் லட்சம் காட்டுகிறது. ராத்திரியில் தேடினால் குறையும் என்கிறார்கள், குறையவில்லை. எப்படிப் போனால் கட்டுப்படியாகும்? விசாவுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாமா? சான்டோரினி தீவையும் சேர்த்துக்கொள்ளலாமா? அங்கே கார் எடுத்தே ஆகவேண்டுமா?
(கோவை வாசகி)

பதில்: அன்புள்ள வாசகிக்கு, கோவை முதல் ஹெராக்லியோன் வரை ஒரே மூச்சில் தேடியதால்தான் அந்த விலை. இந்தப் பயணத்தை மூன்று துண்டாகப் பிரித்துப் பாருங்கள்: கோவையிலிருந்து ஒரு பெரிய விமான நிலையம், அங்கிருந்து வளைகுடா வழியாக ஏதென்ஸ், ஏதென்ஸிலிருந்து தீவு. நடுத்துண்டில் போட்டி அதிகம் என்பதால் விலை ஓரளவு தானாகவே கட்டுக்குள் இருக்கும். பணம் மிச்சமாவதும் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அந்தக் கடைசி 300 கிலோமீட்டரில்தான்.

முதல் துண்டுக்குக் கொச்சி, சென்னை, பெங்களூரு மூன்றையும் போட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கொச்சிதான் வசதி. ரயிலில் ஆலுவாவில் இறங்கினால் நெடும்பாசேரி விமான நிலையம் பக்கத்திலேயே. எமிரேட்ஸ், கத்தார், எதிஹாட், கல்ஃப் ஏர் நான்கும் கொச்சிக்கும் வருகின்றன, ஏதென்ஸுக்கும் போகின்றன. கோவையிலிருந்தே ஷார்ஜாவுக்கும் அபுதாபிக்கும் விமானம் இருக்கிறதே, அங்கே இறங்கி வேறொரு மலிவு டிக்கெட்டில் மாறிக்கொள்ளலாமே என்று தோன்றும். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் வேண்டாம். பெட்டி அங்கேயே இறக்கப்பட்டுவிடும். அதை எடுக்க வெளியே வரவேண்டும், வெளியே வர இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டு விசா வேண்டும். நான்கு பேருக்கு அந்த விசா கட்டணத்தைக் கூட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். லண்டன் வழி மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள்: ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசா கையில் இருந்தாலும், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறுவதற்கே இந்தியர்களுக்குப் பிரிட்டனின் டிரான்சிட் விசா தேவை.

தேடும் முறைக்கு வருவோம். ராத்திரியில் தேடுவதாலோ பிரவுசரை மாற்றுவதாலோ விலை இறங்காது. ஒரே எகானமியில் பல விலைப் படிகள் இருக்கும், ஒவ்வொரு படியிலும் சில இருக்கைகள்தான். கீழ்ப்படியில் இரண்டு இருக்கைதான் பாக்கி என்று வையுங்கள். நீங்கள் நான்கு பேர் என்று போட்டுத் தேடினால், நான்கு பேருக்கும் சேர்ந்து இடமிருக்கும் மேல்படி விலைதான் திரையில் வரும், மலிவான அந்த இரண்டு இருக்கைகள் கண்ணிலேயே படாது. ஆகவே முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு நால்வருக்கு என்று அதே விமானத்தைத் தேடிப் பாருங்கள். ஆள் கூடக்கூட ஒருவருக்கான விலை ஏறினால், இரண்டு இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். மகள் பெரியவர் ஒருவரோடு ஒரே பி.என்.ஆரில் இருக்கவேண்டும். பிறகு விமான நிறுவனத்துக்கு போன் செய்து இரண்டு பி.என்.ஆரையும் இணைத்துக் குறித்துவைக்கச் சொன்னால் இருக்கை ஒதுக்கும்போதும் விமானம் மாறும்போதும் உதவும்.

கூகுள் ஃப்ளைட்ஸில் தேதிக் கட்டத்தைத் திறந்து, போகும் நாளையும் திரும்பும் நாளையும் மூன்று நான்கு நாள் முன்பின் நகர்த்திப் பாருங்கள். நம் ஊர்ப் பள்ளி விடுமுறை என்பதால் மே கடைசியில் வெள்ளி, சனிக்கிழமை இடங்கள் முதலில் தீரும். செவ்வாய், புதன் பார்த்தால் நல்லது. பிடித்த தேதிக்கு விலை அறிவிப்பை ஆன் செய்துவிட்டு, வாங்கும்போது விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். நூறு இருநூறு ரூபாய் குறைத்துத் தரும் இடைத்தரகு தளங்களில் வாங்கினால், நேரம் மாறும்போது விமான நிறுவனம் அவர்களைக் கேட்கச் சொல்லும், அவர்கள் விமான நிறுவனத்தைக் கேட்கச் சொல்வார்கள்.

இனி கடைசித் துண்டு. இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு.

ஒன்று, கொச்சியிலிருந்து ஹெராக்லியோன் வரை ஒரே டிக்கெட். ஏதென்ஸிலிருந்து தீவுக்கு கிரேக்க நிறுவனமான ஏஜியனின் விமானம், சுமார் 50 நிமிடம். எமிரேட்ஸ், எதிஹாட் போன்றவை ஏஜியனோடு கூட்டு வைத்திருப்பதால் இப்படி ஒரே டிக்கெட்டாக விற்கின்றன. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறொன்றில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் நீண்ட பயணத்துக்கான எடைக் கணக்கிலேயே கடைசிவரை போகும். இதையே தனியாக வாங்கினால் ஏஜியனின் மிக மலிவான கட்டணத்தில் 8 கிலோ கைப்பை மட்டும்தான், பெட்டிக்குத் தனிக் காசு. நாலு பெட்டிக்குப் போகவர அந்தக் காசையும் கூட்டிய பிறகே எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது வழி கப்பல். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். ஏதென்ஸ் வரை மட்டும் விமானம், அங்கே பிரேயஸ் துறைமுகத்தில் இரவு 9, 10 மணிவாக்கில் ஏறினால் விடியற்காலை கிரீட். நான்கு படுக்கையும் குளியலறையும் உள்ள கேபின் எடுத்துக்கொண்டால் அம்மா நிம்மதியாகக் கால் நீட்டிப் படுக்கலாம். ஓர் இரவு ஹோட்டல் வாடகை மிச்சம், பெட்டி எடைக்குக் காசில்லை, 5 முதல் 10 வயதுக் குழந்தைக்குப் பொதுவாகப் பாதிக் கட்டணம். பணத்தைவிட முக்கியம், இடையில் கிடைக்கும் நேரம். மதியம் ஏதென்ஸில் இறங்கினால் கப்பலுக்கு ஏழெட்டு மணி நேரம் இருக்கும். விமானம் மூன்று மணி நேரம் தாமதமானாலும் கப்பல் தப்பாது. ஐரோப்பிய எல்லையில் 2025 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பதிவு முறையில் புகைப்படமும் கைரேகையும் எடுக்கிறார்கள், குடியேற்ற வரிசை அதனால் மெதுவாக நகரும். 12 வயதுக்குட்பட்ட மகளுக்குப் புகைப்படம் மட்டும். இந்த வரிசையைக் கணக்கில் வைக்காமல் இரண்டு மணி நேர இடைவெளியில் தனி விமான டிக்கெட் வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோ 3ஆம் தடம் மாறாமல் நேராகப் போகிறது, சுமார் ஒரு மணி நேரம், பெரியவருக்கு 9 யூரோ. எக்ஸ்96 பஸ் 24 மணி நேரமும் உண்டு, 5.50 யூரோ. துறைமுகம் மிகப் பெரியது. கிரீட் கப்பல் நிற்கும் கேட் எண்ணை டிக்கெட்டில் பார்த்துவிட்டு இறங்குங்கள். மெட்ரோ நிலையத்திலிருந்து அதுவரை பெட்டியோடு நடப்பது அம்மாவுக்கு ஆகாது, துறைமுகத்துக்குள் ஓடும் பஸ்ஸோ டாக்ஸியோ பிடியுங்கள்.

திரும்பும்போது மட்டும் கப்பலையோ தனி விமானத்தையோ கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள்; வேலைநிறுத்தமும் அங்கே சகஜம். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள்.

விசா. கிரேக்கத்தில் மட்டுமே தங்குவதால் கிரேக்க ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு 15 நாள் என்பது விதி, 45 நாள் வரையும் இழுக்கலாம். ஏப்ரல் வந்தால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு, ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் முடித்துவிடுங்கள். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45. உங்கள் நால்வருக்கு 315 யூரோ, இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்கவேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, பயண நாள் முழுவதற்கும். அம்மாவின் செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதமும், அவர் உங்கள் தாய் என்பதற்கான ஆவணமும் வையுங்கள். இது விட்டுப்போனால் வங்கிக் கணக்கில் பணமில்லாத மூத்தவர்களின் விண்ணப்பம் சிக்கும்.

டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்குவதா? விண்ணப்பத்துக்கு முன்பதிவுச் சான்று போதும், காசு கட்டிய டிக்கெட் தேவையில்லை. மார்ச்சிலேயே விலை ஏறத் தொடங்கினால், ரத்துக் கட்டணம் இவ்வளவுதான் என்று தெளிவாகப் போட்டிருக்கும் டிக்கெட்டாக வாங்குங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு போகும் என்பதை நால்வருக்கும் பெருக்கிப் பார்த்துவிட்டு, அது தாங்கும் என்றால் மட்டும்.

ஒன்பது இரவை இப்படிப் பிரிக்கலாம்: கப்பலில் 1, தீவின் மேற்கிலுள்ள ஹானியா ஊரில் 4, ஹெராக்லியோனில் 3, கடைசியில் ஏதென்ஸில் 1. போகும்போது ஹானியா கப்பல். அது நிற்கும் சூடா துறைமுகம் ஊரிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். வரும்போது ஹெராக்லியோனிலிருந்து பகல் விமானம். வந்த வழியே திரும்பாததால் தீவில் ஒரு நாள் மிச்சம். சான்டோரினி இந்த முறை வேண்டாம். இரண்டு கப்பல் டிக்கெட்டும், விலை கூடிய ஹோட்டலும், செங்குத்துப் பாறையில் ஏறி இறங்கும் படிகளும் அம்மாவின் மூட்டுக்கும் உங்கள் பட்ஜெட்டுக்கும் ஒத்துவராது.

ஹானியாவின் பழைய துறைமுகப் பகுதி வெனிஸ்காரர்கள் கட்டியது, அழகு. ஆனால் அங்குள்ள பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பதில் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, குறுகிய செங்குத்தான மரப்படிதான். தரைத்தளம் என்று எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். அறை வாடகை தவிர, கிரேக்க அரசின் பருவநிலைக் கட்டணத்தை ஹோட்டலில் தனியாகக் கட்டவேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திர ஹோட்டலில் அறைக்கு இரவு ஒன்றுக்கு 5 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 10. இரண்டு அறை, எட்டு இரவு என்றால் 80 அல்லது 160 யூரோ. இதைக் கணக்கில் வைக்காதவர்கள்தான் அதிகம்.

கார் இல்லாமலே முடியும். ஹானியாவிலிருந்து ரெதிம்னோ வழியாக ஹெராக்லியோனுக்கு கேடெல் பஸ் பகலெல்லாம் ஓடுகிறது, மூன்று மணி நேரத்துக்குள். ஹெராக்லியோனிலிருந்து க்னோசோஸ் என்ற பழங்கால அரண்மனை இடிபாடு 5 கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸே போகும். நிழல் குறைவு, தரை மேடுபள்ளம், ஆகவே திறக்கும் 8 மணிக்கே போய்விடுங்கள். 1900இல் அங்கே அகழ்வைத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் எழுப்பிய மறுகட்டுமானங்களைத்தான் பல இடங்களில் பார்ப்பீர்கள். மூலச் சுவரோவியங்கள் ஊருக்குள் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தில். அம்மாவால் ஒன்றுதான் முடியும் என்றால் அருங்காட்சியகத்துக்கே அழைத்துப் போங்கள். சமாரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர் கரடுமுரடான நடை, இந்தப் பயணத்தில் யோசிக்கவேண்டாம். கார் எடுக்கத்தான் ஆசை என்றால், கணவரின் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதைக் கிளம்பும் முன்பே இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள்.

சாப்பாடு பற்றிக் கவலைப்படாதீர்கள். அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியும் குடைமிளகாயுமான கெமிஸ்தா, தக்காளி சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சையான கிகாந்தெஸ், ஆலிவ் எண்ணெய் விட்ட கீரையான ஹோர்தா எல்லாம் சாதாரண உணவகத்திலேயே கிடைக்கும். கெமிஸ்தாவில் சிலர் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். “நிஸ்திசிமோ” என்று கேட்டால் அவர்களின் விரத உணவு வரும், கறி, முட்டை, பால் இருக்காது. ஆனால் கணவாய், இறால் அதில் சேரும் என்பதால் அதையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டும். ஏ.டி.எம்.மில் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அந்த இயந்திரத்தின் மாற்று விகிதம், நமக்கு நஷ்டம்.

அம்மாவுக்கு வீல்சேர் உதவி இலவசம். விமானம் புறப்பட 48 மணி நேரத்துக்கு முன் ஒவ்வொரு விமான நிறுவனத்திடமும் சொல்லிப் பதிவு செய்யுங்கள், திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து. ஏதென்ஸ் போன்ற இடங்களில் குடியேற்ற வரிசையில் அவர் நிற்கவேண்டியிருக்காது, பெரும்பாலும் கூடவே உங்களையும் அந்த வழியிலேயே விடுவார்கள்.