உறையும் எண்ணெய், ஒட்டும் ஷீட்: குமரி மேற்கிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

களியக்காவிளை, குலசேகரம், தேங்காய்பட்டணம் பக்கத்திலிருந்து வீட்டுப் பொருட்களைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

களியக்காவிளை அக்கா ஒருவர்: மார்கழியில் எங்கள் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். உறைந்தால்தான் சுத்தம் என்கிறார் மாமியார். பாறசாலையில் வாங்கிய பாட்டில் உறையவில்லை. கலப்படமா சார்?

மாமியார் சொல்வது பாதி சரி, அக்கா. தேங்காய் எண்ணெய் உருகுவது 24, 25 டிகிரியில். அதில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். நிறைவுற்ற கொழுப்பின் கார்பன் சங்கிலிகள் வளைவில்லாதவை என்பதால், கொஞ்சம் குளிர்ந்தாலே அடுக்கி வைத்த விறகு போல நெருங்கி உட்கார்ந்துவிடும். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் பெரும்பாலான சங்கிலிகள் வளைந்தவை. நம் ஊர்க் குளிரில் அவை உறையாது. அதனால் மலிவான எண்ணெய் நிறையக் கலந்திருந்தால் உறைவது தாமதமாகும், அல்லது பாதி மட்டும் உறையும்.

ஆனால் உறைந்துவிட்டது என்பதற்காகச் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். பாமாயில் பழத்தின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் லாரிக் அமிலம்தான் அதிகம். அதுவும் ஏறக்குறைய இதே சூட்டில் உறையும். கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. உறையாததும் உடனே குற்றம் ஆகாது. அடுப்புப் பக்கத்து அலமாரியில் இருந்திருக்கலாம். அசையாமல் நிற்கும் தெளிந்த எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போன பிறகும் கொஞ்ச நேரம் திரவமாகவே நிற்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே நேரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சில மணி நேரம் கழித்தும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் கடைக்காரரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

மார்த்தாண்டம் தம்பி: தேன் அடியில் சீனி மாதிரி கட்டியாகிவிட்டது. சீனிப்பாகு கலந்திருப்பார்களா?

அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. தேனில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டு சர்க்கரை உண்டு. குளுக்கோஸ் தண்ணீரில் குறைவாகக் கரைவதால் முதலில் மணியாகும். நம் ரப்பர் தோட்டத்துத் தேன், இலை உதிர்ந்து புதுத்தளிர் வரும் பருவத்தில் பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பின் சுரப்பியிலிருந்து வருவது; அது சீக்கிரமே கட்டியாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம், மணம் போய்விடும். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையும் நம்பத் தகுந்தது இல்லை. கெட்டியான வெல்லப்பாகும் அதே மாதிரி அடியில் போய் உட்காரும்.

குலசேகரம் அண்ணாச்சி, சின்ன ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்: புகைப்புரையில் (புகை போட்டு உலர்த்தும் அறை) நன்றாகக் காய்ந்த ரப்பர் ஷீட்டும் கொஞ்ச நாளில் பிசுபிசுக்கிறது. ரப்பர் பாலை வீட்டிலிருக்கும் பழைய செம்பு அண்டாவில் ஊற்றி வைப்போம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு அண்ணாச்சி. அந்த அண்டாவை இன்றே மாற்றிவிடுங்கள்.

ரப்பர் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஒவ்வொரு துளியையும் சுற்றி ஒரு புரத உறை, அதில் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருப்பதால்தான் பால் பாலாக நிற்கிறது. ஃபார்மிக் ஆசிட் விட்டதும் மின்னூட்டம் போய், துளிகள் ஒட்டிக் கட்டியாகின்றன. அமோனியா இதற்கு நேர்மாறு. பாலைக் காரமாக வைத்து, உறையாமல் காப்பாற்றும்.

இனி செம்புக்கு வருகிறேன். ரப்பர் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கேதான் தாக்கும். துளியளவு செம்பு கலந்தாலும் அந்தத் தாக்குதல் பல மடங்கு வேகமெடுக்கும், மாங்கனீசும் அப்படியே. நீளமான சங்கிலி துண்டுதுண்டாகிறது, ஷீட் பிசுபிசுக்கிறது. பித்தளை, வெண்கலப் பாத்திரத்திலும் செம்பு உண்டு என்பதால் அவையும் வேண்டாம். அலுமினிய டிஷ் போதும். துரிசிலும் செம்பு உண்டு, அதனால் அது கலந்து மருந்தடித்த கையோடு பால் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

ஆசிட் கூடிப்போனாலும், ஷீட்டைச் சரியாக அலசாவிட்டாலும் தரம் கெடும். விலை குறைவு என்று சல்ஃப்யூரிக் ஆசிட் விடுகிறவர்கள் உண்டு. அது உள்ளே தங்கினால் ஷீட்டைக் கெடுக்கும். ஃபார்மிக்கே நல்லது. ஆனால் கேனில் வரும் கெட்டியான ஆசிட் தோலைப் புண்ணாக்கிவிடும். எப்போதும் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறை கட்டாயம்.

தேங்காய்பட்டணம்: காந்தம் ஒட்டாத ஸ்டீல் என்று பார்த்துத்தான் ஜன்னல் கம்பி போட்டோம். கடல் காற்றில் பழுப்புப் புள்ளி விழுகிறது.

காந்தம் ஒட்டாததை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள 304 என்ற ஸ்டீல் ரகத்தில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு ரகத்திலும் ஒட்டாது. ஸ்டீலைக் காப்பது மேலே படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு. உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கும். கடலோரத்துக்கு மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம் கேட்டு வாங்குங்கள். இப்போதைக்கு அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இரும்பு நாரால் மட்டும் தேய்க்காதீர்கள், அதன் துகள் ஒட்டிக்கொண்டு அதுவும் துருப்பிடிக்கும்.

கொல்லங்கோடு, பத்தாம் வகுப்பு மாணவி: மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணல் ஏன் கறுப்பாக இருக்கிறது?

நல்ல கேள்வி மக்களே. கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். இடையிடையே சிவப்பாகத் தெரிவது கார்னெட். மலைப்பாறைகள் சிதைந்து ஆறுகளில் வந்த மணலைக் கடல் தரம் பிரிக்கிறது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், சாதாரண வெள்ளை மணலுக்கு 2.65, இல்மனைட்டுக்குச் சுமார் 4.7. திரும்பும் அலை லேசானதை இழுத்துப் போக, கனமானது கரையிலேயே தங்குகிறது. இந்தக் கறுப்பிலிருந்துதான் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டுக்கு வேண்டிய டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள்.

மோனசைட் என்று மஞ்சள் கலந்த மணியும் அதில் உண்டு. அதில் தோரியம் இருப்பதால் லேசான கதிரியக்கம் உள்ளது. 1909இல் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனி போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில்தான் ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் நம் கரையின் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். கதிரியக்கம் இருப்பதால் மணலை வீட்டுக்கு அள்ளி வர வேண்டாம், கரையிலேயே பார்த்துக்கொள். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் பலமான காந்தத்தைத் தாளில் சுற்றிக் காய்ந்த மணல்மேல் ஓட்டினால் கறுப்பு மணிகளில் சில ஏறிவரும். தாளைக் கழற்றினால் கீழே உதிர்ந்துவிடும். தாள் சுற்றாமல் வைத்தால் காந்தத்திலிருந்து எடுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.