உங்களுக்கு மிகவும் பிடித்த ஃபேண்டஸி, அறிவியல் புனைகதைத் தொடர்கள் எவை? ஏன் பிடிக்கும்?

முதலிடம் அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசைக்கு. ஆறு புத்தகங்கள். அதற்கு அடுத்தபடியாக ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் டியூன், ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன், நம் சுஜாதாவின் ஜீனோ கதைகள் இரண்டும். எது என்ற கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான தொடர்கள் ஒரே திசையில் போகும். முதல் புத்தகம் நன்றாக ஓடினால் அடுத்ததில் உலகம் இன்னும் பெரிதாகும், நாயகன் இன்னும் பெரிய எதிரியோடு மோதுவான். நான் மேலே சொன்னவற்றை எழுதியவர்கள் வேறொரு காரியம் செய்தார்கள். தாங்கள் கட்டிய உலகத்துக்கே திரும்பிவந்து, அன்று எழுதியது சரிதானா, அதில் யார் விடுபட்டுப்போனார்கள், வெற்றி என்று முடித்தோமே அது வெற்றிதானா என்று கேட்டார்கள். பதிலையும் கதையாகவே எழுதினார்கள். ஒற்றை நாவலில் இதைச் செய்ய இடமே கிடையாது. தொடராக எழுதுவதற்கு என்ன நியாயம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எர்த்ஸீ முதல் புத்தகம், 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968இல் வந்தது. கடலும் நூற்றுக்கணக்கான தீவுகளுமாக ஓர் உலகம். அதில் கோன்ட் என்ற மலைத்தீவில் தாயில்லாமல் வளரும் ஆடு மேய்க்கிற பையன்தான் கதாநாயகன். கூரைமேல் ஏறிப்போன ஆட்டை அவனுடைய சித்தி ஏதோ இரண்டு வரி சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்கிறான். மறுநாள் மேய்ச்சலில், பொருள் தெரியாமலே அதே வரிகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறான். மந்தை முழுக்க அவனை நோக்கி வருகிறது. வந்ததும் நிற்கவில்லை. கொம்போடு கொம்பு இடிக்க நெருக்கிக்கொண்டு, மஞ்சள் கண்களால் அவனையே பார்த்துக்கொண்டு, அவன் ஓடினால் கூடவே ஓடி, ஊருக்குள்ளும் அவனைச் சுற்றியபடியே வருகின்றன. பையன் பயந்து அழுகிறான். கூப்பிடத் தெரிந்தவனுக்கு விடுவிக்கத் தெரியவில்லை. புத்தகம் முழுவதும் நடக்கப்போவது இந்த ஒரு பக்கத்திலேயே இருக்கிறது. பின்னால் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் சேர்ந்து, கெட் என்ற மெய்ப்பெயரோடு, ஒரு சக மாணவனிடம் வீம்புக்காக அவன் அவிழ்த்துவிடுவதும் இதே மாதிரியான ஒன்றைத்தான். ஆடுகளுக்குப் பதில் அங்கே ஒரு நிழல்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கெட்டின் நிறம் செம்பழுப்பு. அவன் நண்பன் வெட்ச் கறுப்பு. ஊரைக் கொள்ளையடிக்க வருகிறவர்கள்தான் வெள்ளையர்கள். 1968இல், ஃபேண்டஸி என்றாலே வெளிறிய முகமும் ஐரோப்பியக் கோட்டையுமாக இருந்த காலத்தில், லெ குவின் இதைத் தெரிந்தேதான் செய்தார். இதற்கென்று தனியாகப் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை, போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனார். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று கெட்டை வெள்ளைக்காரனாக்கித் தொடர் எடுத்தபோது அதைக் கண்டித்துக் கட்டுரையும் எழுதினார். தாம்பரத்திலோ தஞ்சாவூரிலோ உட்கார்ந்து இதைப் படிக்கிற பதின்வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமாகப் படாது. எனக்குப் படவில்லை.

இரண்டாவது புத்தகம் 'தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்'. டெனார் என்ற சிறுமியை வீட்டிலிருந்து எடுத்துப்போய், அவளுடைய பெயரையே பறித்து, பாழடைந்த கல்லறைக் கோயிலுக்குப் பூசாரியாக வைத்துவிடுகிறார்கள். மூன்றாவது, 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்', 1972இல் வந்து மறுவருடம் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டை வாங்கியது. கெட் தன் மந்திர சக்தி முழுவதையும் செலவழித்து உலகத்தைக் காப்பாற்றுகிறான். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நன்றாகவே முடிந்திருந்தது.

1990இல், பதினெட்டு வருடம் கழித்து, நான்காவது புத்தகம் வந்தது: 'தெஹானு'. (இதைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடலாம்.) முதல் மூன்றிலும் பள்ளிக்கூடம் ஆண்களுக்கு மட்டும். பெண்களின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று அந்த உலகத்தில் பழமொழியே உண்டு. எழுதியவர் ஒரு பெண். ஆனாலும் அந்த மரபு அவர் கையையும் பிடித்து இழுத்திருந்தது. 'தெஹானு' அதை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. டெனார் இப்போது நடுத்தர வயது விதவை. பண்ணை வீட்டில் ஆடு, தோட்டம், நெசவு. தீயில் தள்ளப்பட்டுப் பாதி முகமும் ஒரு கையும் கருகிப்போன ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். உலகத்தைக் காப்பாற்றிய கெட் சக்தியெல்லாம் இழந்து அவளிடம்தான் வந்து சேர்கிறான். இனி தான் யார் என்று அவனுக்கே தெரியவில்லை. மூன்று புத்தகங்களில் எவ்வளவோ சாகசம் செய்த மனிதன் இதில் ஆடு மேய்க்கத் திரும்பிப் போகிறான்.

அந்தப் புத்தகத்தில் நான் மறக்காத இடத்தில் டிராகன் எதுவும் கிடையாது. கப்பலில் போயிருந்த டெனாரின் மகன் வீடு திரும்புகிறான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக் கழுவிவைக்கச் சொல்கிறாள் தாய். அது பெண்பிள்ளை வேலை என்கிறான். இந்த அடுப்படியில் சாப்பிடுகிற எல்லோருக்கும் உள்ள வேலைதான் என்கிறாள். எனக்கு இல்லை என்று எழுந்து போய்விடுகிறான். நம் வீடுகளில் தினமும் பார்ப்பதுதானே? இதற்காகவா ஃபேண்டஸி படிப்பது என்று என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். இதற்காகவும்தான் என்பேன். உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள் சாப்பிட்ட தட்டை யார் கழுவினார்கள் என்று முதல் மூன்று புத்தகங்களும் கேட்கவே இல்லை. 'தெஹானு'வைப் படித்தபிறகு வேறெந்தத் தொடரைப் படித்தாலும் அந்தக் கேள்வி எனக்குக் கூடவே வருகிறது.

'தெஹானு'வின் அட்டையில் எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம் என்று போட்டிருந்தார்கள். லெ குவின் அதோடும் நிறுத்தவில்லை. 2001இல் ஒரு சிறுகதைத் தொகுப்பும் 'தி அதர் விண்ட்' என்ற நாவலும் வந்தன. ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள், பின்னால்தான் கதவடைக்கப்பட்டது என்று தன் உலகத்தின் வரலாற்றையே தோண்டிக் காட்டினார். அதைவிடப் பெரிய வேலை நாவலில் நடக்கிறது. மூன்றாவது புத்தகத்தில் அவர் ஒரு மரண தேசத்தைக் காட்டியிருந்தார். தாழ்வான கல் மதில், அதற்கு அப்பால் நகராத நட்சத்திரங்கள், காதலுக்காக உயிர்விட்டவர்கள்கூட ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் கடந்துபோகும் தெருக்கள். எனக்கு உடம்பு சில்லிட்ட பக்கங்கள் அவை. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து அந்த மதிலுக்கே திரும்பிவந்து, இதைக் கட்டியது யார், எதற்கு, இது இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார். தான் எழுதியதிலேயே மிகவும் புகழப்பட்ட ஓர் இடத்தில் கைவைக்க எத்தனை எழுத்தாளர்களுக்குத் துணிச்சல் வரும்?

டியூனுக்கு வருகிறேன். சினிமாவாகவும் வந்து எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிட்டதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆரிகன் மாநிலத்துக் கடற்கரையில் மணல்மேடுகள் நகராமலிருக்கப் புல் நட்டுக் கட்டுப்படுத்துவதைப் பற்றிக் கட்டுரை எழுதப்போன ஹெர்பர்ட்டுக்கு அங்கே கிடைத்த பொறிதான் இது. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியபிறகு, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்ட்டன் நிறுவனம் 1965இல் வெளியிட்டது. பாலைவனக் கிரகம் ஒன்றை நம்பவைக்க அவர் செய்திருப்பதை ஒரே காட்சியில் பார்த்துவிடலாம். அந்த மண்ணின் தலைவன் ஸ்டில்கர், புதிதாக ஆளவந்த பிரபுவின் மேஜைமேல் எச்சில் துப்புகிறான். காவலர்கள் கொதித்தெழுகிறார்கள். அங்கே பழகிய ஒருவன் தடுத்து, உங்கள் உடம்பின் ஈரத்தை எங்களுக்குத் தந்ததற்கு நன்றி என்று சொல்லித் தானும் துப்புகிறான். தண்ணீர் பொன்னாக இருக்கிற ஊரில் அதுதான் மரியாதை.

ஆனால் டியூன் எனக்குப் பிடித்ததற்கு உண்மையான காரணம் 1969இல் வந்த இரண்டாவது புத்தகம், 'டியூன் மெசையா'. முதல் புத்தகத்தில் நாம் கைதட்டி அரியணை ஏற்றிய பால் அட்ரைடீஸ் இதில் சக்கரவர்த்தி. அவன் பெயரால் நடந்த புனிதப்போரில் 6,100 கோடிப் பேர் செத்திருக்கிறார்கள். அவனே அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்கிறான். தலைவனை நம்பி எல்லாவற்றையும் ஒப்படைக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கதையை எழுதினேன் என்று ஹெர்பர்ட் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். முதல் புத்தகத்தைத் தன் பத்திரிகையில் தொடராகப் போட்ட ஆசிரியர் ஜான் கேம்பல், நாயகன் வீழ்கிற இந்த இரண்டாவதை வேண்டாமென்று திருப்பிவிட்டார். கட்அவுட்டும் பாலாபிஷேகமும் பார்த்து வளர்ந்த நமக்கு, இரண்டாவதையும் சேர்த்துப் படித்தால்தான் டியூன் முழுசாகப் புரியும். முதலோடு நிறுத்திக்கொண்டால் அது வெறும் ராஜா கதை.

அசிமோவின் விஷயத்தில் அதே கேம்பல் வேறு மாதிரி நடந்துகொண்டார் என்பது எனக்கு ஆச்சரியம். ஃபவுண்டேஷன் கதைகள் 1942 முதல் அவருடைய பத்திரிகையில்தான் வந்தன. ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய கிப்பனின் வரலாற்று நூல் தந்த யோசனை. விண்மீன் மண்டலம் முழுவதையும் ஆளும் பேரரசு சரியப்போகிறது, அதற்குப்பின் 30,000 வருட இருண்ட காலம் வரும், அதை 1,000 வருடமாகக் குறைக்கலாம் என்று ஹாரி செல்டன் என்ற கணித மேதை கணக்குப் போட்டு ஒரு திட்டம் வகுக்கிறார். திட்டம் தப்பாமல் பலித்துக்கொண்டே போகிறது. இதை உடை என்றார் கேம்பல். அசிமோவ் முதலில் ஆடிப்போனாராம். பிறகு எழுதியதுதான் 'மியூல்': கூட்டத்தின் போக்கைக் கணிக்கிற கணக்கில் அடங்காத ஒற்றை மனிதன். மொத்த வரிசையிலும் அதுதான் உச்சம். மியூலைத் தடுத்து நிறுத்துவது பேட்டா என்ற பெண். முதல் புத்தகத்தில் பேர் சொல்லும்படி ஒரு பெண்கூடக் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1982இல் அசிமோவ் மறுபடி வந்து, செல்டனின் திட்டமே சரியான வழிதானா என்று ஒரு புதிய பாத்திரத்தைக் கேட்கவைத்தார். நடை வறண்டதுதான், உரையாடல் மட்டுமே நிறைய. கேள்விக்காகப் படிக்கலாம்.

இனி சுஜாதா. 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் இங்கே கட்டாயம் இருப்பீர்கள். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெற அரசாங்க அனுமதி, எல்லாவற்றுக்கும் மேலே ஜீவா என்ற தலைவர். நடுவில் புத்தகம் படிக்கிற இயந்திர நாய் ஜீனோ. பலருக்கு ஜீனோவின் குறும்பு மட்டும்தான் நினைவிருக்கிறது. இரண்டாவது பாகமான 'மீண்டும் ஜீனோ'வை எடுத்துப் பாருங்கள். புரட்சி ஜெயித்துவிட்டது. கதாநாயகி நிலா இப்போது நாட்டுக்கு ராணி. ஆனால் அவளை ஆட்டிவைப்பவர்கள் புரட்சி செய்த அதே ஆட்கள். சர்வாதிகாரியைக் கவிழ்த்ததோடு கதையை முடித்திருந்தால் நமக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். கவிழ்த்தபின் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று வாரப் பத்திரிகைத் தொடரில் கேட்டார் சுஜாதா. இந்த இரண்டு நாவல்களையும் சின்னப்பிள்ளைக் கதை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு.

புதிதாக ஏதாவது வேண்டும் என்பவர்கள் என்.கே. ஜெமிசினின் 'புரோக்கன் எர்த்' மூன்று புத்தகங்களையும் எடுக்கலாம். மூன்றுக்கும் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து ஹ்யூகோ விருது கிடைத்தது, அதற்குமுன் யாருக்கும் அப்படி அமைந்ததில்லை. பெரும்பகுதி "நீ" என்று வாசகரையே கூப்பிட்டுச் சொல்லும் கதை. முதல் நூறு பக்கம் பொறுமை வேண்டும்.

எர்த்ஸீயைத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். முதல் மூன்றும் சின்னப் புத்தகங்கள், ஆங்கிலமும் எளிமை. வாய்விட்டுப் படித்தால் இன்னும் நன்றாக இருக்கும். சார்லஸ் வெஸ் ஓவியங்களோடு எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பு 2018இல் வந்திருக்கிறது. அழகான புத்தகம், ஆனால் படுத்துக்கொண்டு படிக்க முடியாத கனம், விலையும் அதிகம். நூலகத்திலோ நண்பர்களிடமோ தனித்தனியாகக் கிடைத்தால் அதுவே போதும். சிறுகதைதானே என்று ஐந்தாவதை மட்டும் தாண்டிவிடாதீர்கள். அதன் கடைசிக் கதை 'டிராகன்ஃப்ளை'யைப் படிக்காமல் போனால் ஆறாவது நாவலில் வரும் ஐரியன் யார், ஏன் அவளைக் கண்டு ரோக்கின் ஆசான்கள் இரண்டுபட்டார்கள் என்று பிடிபடவே பிடிபடாது.