எதைப் போலி என்று சொல்லலாம்?

அசல் மாதிரியே இருக்கிற எல்லாவற்றையும் போலி என்று சொல்லலாமா, நகலும் போலியும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றில்லை. தனக்கு உரிமையில்லாத பெயரைச் சொல்லி விலைபோகிற பொருள்தான் போலி.

நான் காரைக்குடிப் பக்கம். இங்கே பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் வளவுச் சுவரை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியின் சுவரை, தடவிவிட்டு, பளிங்கா என்று கேட்பார்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய பூச்சு அது. கண் ஏமாறுகிறது, சரி, ஆனால் கட்டினவர்கள் அதைப் பளிங்கு என்று சொல்லவே இல்லையே, அதை யாராவது ‘போலிப் பளிங்கு’ என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லின் கதை வேறு. கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. அதே பூவை மிஷினில் அச்சடித்த செராமிக் டைல்ஸும் கிடைக்கிறது. ‘ஆத்தங்குடி டிசைன்’ என்று விற்றால் நகல், வாங்குகிறவர் தெரிந்துதான் வாங்குகிறார். ‘ஆத்தங்குடிக் கல்’ என்றே சொல்லி விற்றால் போலி, கையால் ஊற்றிச் செய்கிறவரின் பிழைப்பில் மண் விழுவது அங்கேதான். கண்டாங்கிச் சேலையும் அப்படியே. 2019ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அது காப்பது பெயரைத்தான். விசைத்தறியில் கட்டம் போட்ட சேலை நெய்வதில் தப்பில்லை, அதைக் காரைக்குடிக் கைத்தறிக் கண்டாங்கி என்று கல்யாண வீட்டுக்காரர் தலையில் கட்டுவதுதான் தப்பு.

அப்புறம், இலக்கணத்தில் வரும் போலியை இதோடு குழப்ப வேண்டாம். ஐந்து அஞ்சு ஆவதும், பந்தல் பந்தர் ஆவதும் போலிதான், எழுத்து மாறினாலும் பொருள் மாறாது, யாரும் ஏமாறுவதும் இல்லை.

ஆளை ஏமாற்றுகிற விளம்பரத்தை எந்தச் சொல்லால் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய வீட்டு முகப்பைப் படம் போட்டுவிட்டு, வந்து இறங்கினதும் பின்கட்டுக்கு அந்தாண்டை புதிதாகக் கட்டின அறையைக் காட்டுகிற விடுதி இருக்கிறது என்று வையுங்கள். வீடும் உண்மை, அறையும் உண்மை, படம் மட்டும் நம்மை வேறொன்றை நம்பவைத்தது. அதைப் போலி விளம்பரம் என்றால் அந்த விளம்பரத்தையே வேறு யாரோ போட்டது மாதிரி ஆகிவிடும். ‘ஏமாற்று விளம்பரம்’ என்று எழுதுங்கள்.